காணாமல் போன மூன்று அங்குலம்

அன்புள்ள கேப்டன் அக்காவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் நலம். நலமாக இருப்பவர் தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் வீட்டில் மல்லாக்கப் படுத்து மின்விசிறியை முறைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே உங்கள் முதுகுவலியும் உங்கள் வீட்டுக்காரரின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொன்னால் ஆகாதா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். எங்களுக்கு இருக்கிற ஒரே போன் அவள் தலைமாட்டில் இருக்கிறது. அதை எடுத்தாலே, ‘யாரு, கேப்டனா? குடுங்க இப்படி’ என்று நீங்கள் அணியில் ஏணி என்று பேர் வைத்த என் மனைவி கையை நீட்டிவிடுவாள். அவள் கைக்கு எட்டாத இடம் எங்கள் வீட்டில் கிடையாது. படுத்துக்கொண்டேகூட எட்டும். அதனால்தான் கடையில் வைத்து எழுதுகிறேன். பதிலையும் கடை விலாசத்துக்கே போடுங்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் இடுப்பு வலிக்கிறது என்றாள். எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். மரியாதைக்காக, ‘என்ன வேலை பாத்தீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல் ஓரத்தைத் துடைக்க ஆள் இல்லாமல் அவளைக் கூப்பிட்டதில் ஆரம்பித்தாள். அதை ஜன்னல் வழியாக விளையாட்டு டீச்சர் பார்த்தது, மறுநாளே கையில் கூடைப்பந்தைத் திணித்தது, உங்கள் அணியில் சேர்ந்தது, விளையாட்டுக்காகவே தபால் ஆபீஸில் வேலை கிடைத்தது எல்லாம் வரிசையாக வந்தன. தபால் தலை விற்கும் கவுண்டர் அவளுக்கு இடுப்பு உயரம்கூட வராமல், குனிந்து குனிந்து வேலை பார்த்ததையும் விடவில்லை. நாட்டு அணிக்கு ஆடப் போய், கப்பலில் வாந்தி எடுத்து, இறங்கின அன்றே ஜெயித்ததைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். முழங்கால் திருகி ஆட்டம் முடிந்துபோன இடத்தில் டாக்டருக்கே கண் கலங்கியது. வெளியே காத்திருந்தவர்களும் இருமி இருமிக் கலங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் அவர் உயரம் பார்த்தார். ஐந்தடி பத்து. முன்னால் எவ்வளவு இருந்தீர்கள் என்று கேட்டார். இவள் பட்டம் வாங்கினவள் மாதிரி நிமிர்ந்து, ‘ஆறடி ஒரு அங்குலம்’ என்றாள்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி நிற்க வைத்து அளந்தார். அதே ஐந்தடி பத்துதான். மூன்று அங்குலம் குறைந்திருக்கிறது என்றால் முதுகெலும்பு நொறுங்கி ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கலாம், உடனே எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், அதுவரை குனியக் கூடாது, தூக்கக் கூடாது, குதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும்போது ஆட்டோக்காரர் வழி தவறிப் போனதற்குக்கூட இவள் திட்டவில்லை.

அன்றைக்குப் படுத்தவள்தான். படம் எடுக்க வர மாட்டேன் என்கிறாள். ‘போன உயரம் படத்துலயா திரும்பி வரப்போகுது?’ என்று கேட்கிறாள். நின்றால் இன்னும் அமுங்கிவிடுமாம், படுத்தால் எலும்பு நீளுமாம். பள்ளிக்கூடத்தில் அவள் பயிற்சி கொடுக்கும் பெண்களுக்கு, இனி வர மாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டி. தினமும் சாயங்காலம் எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து இறங்கி என்னைத்தான் திட்டுவாள்.

நீங்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. அலமாரி, கொடி, ஆணி எல்லாம் அவள் உயரத்துக்கு அவளே அடித்தவை. உப்பு டப்பாவை எடுக்க நான் முக்காலி போட வேண்டும். கண்ணாடியில் என் நெற்றி மட்டும்தான் தெரியும், மீதி முகத்தை உத்தேசமாகத்தான் சவரம் செய்கிறேன். இத்தனை காலம் சலித்துக்கொண்டேன். இப்போது அவள் படுத்துக்கிடக்க, நான் முக்காலியும் கையுமாக வீட்டில் அலைகிறேன். ஒரு டப்பாவைத் தொட்டால் இரண்டு விழுகிறது. சத்தம் கேட்டும் அவள் என்ன விழுந்தது என்று கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை, அக்கா.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பின்பக்கக் குளியலறை வாசல் தாழ்வு. அவசரத்தில் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொள்வது அவள் வழக்கம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளும் இடித்துக்கொண்டாள். தைலம் தடவப் போனேன். அதே நெற்றி, புருவத்துக்கு மேலே அதே பழைய தழும்பு. மூன்று அங்குலம் குறைந்தவளுக்கு உச்சந்தலையில் அல்லவா இடிக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சின்போது என் மாமனார் பெண்ணின் உயரம் ஐந்தடி எட்டு என்று சொன்னார். அதே வாரம் உங்கள் அணியின் படம் வந்த பழைய பத்திரிகை ஒன்று என் கையில் கிடைத்தது. அதில் ஆறடி ஒன்று என்று போட்டிருந்தது. நடுவில் ஐந்து அங்குலம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. என் உயரத்துக்கு இரண்டுமே அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். பெண்ணைப் பெற்றவர் கொஞ்சம் குறைத்திருப்பார், அணிக்காரர்கள் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். எதிரணி பயப்படட்டும் என்று உங்கள் மேனேஜர் சார் கூட்டி எழுதினாரா? அவளை உண்மையில் யார், எங்கே, எதை வைத்து அளந்தார்கள்? நான் சொன்னால், ‘நீங்க பந்தையாவது தொட்டிருக்கீங்களா?’ என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். அவள் எனக்குக் குறையாமல் வேண்டும், அக்கா. அங்குலத்தைச் சொல்லவில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் அணி முழுவதற்கும் ஒரே மாப்பிள்ளை

*

அன்புள்ள கேப்டன் அக்காவுக்கு,

உங்கள் பதிலைக் கடையில் நின்றபடியே படித்தேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர் எழுத்துப் பலகையின் முன்னால் ஒரு கண்ணைப் பொத்தியபடி அப்படியே நின்றுகொண்டிருக்க, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் தப்பாகப் படித்துவிட்டோம் போல என்று நினைத்து மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

மேனேஜர் சார் பொய் எழுதவில்லை, பாவம் என்று எழுதியிருந்தீர்கள். தையல் டேப்பை வைத்துத்தான் அளந்தாராம். டேப்பின் நுனி நைந்துபோனதால் அவர் வீட்டில் யாரோ அழகாக வெட்டி எடுத்துவிட்டார்களாம். ஒவ்வொரு பெண்ணின் குதிகாலுக்குக் கீழே நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நீங்கள்தானாம். அதில் முதல் எண்ணே மூன்று என்று பார்த்தும், ‘டேப்புன்னா மூணுலேருந்துதான் ஆரம்பிக்கும்னு நெனச்சேன் மாப்ள’ என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு அணி முழுவதும் ஒரே மத்தியானத்தில் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வளர்ந்தால் யார் சந்தேகப்படுகிறார்கள்!

உங்களுக்கு அங்கே கார் ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும்போது அளந்து, ஐந்தடி பதினொன்றுக்குப் பதில் ஐந்தடி எட்டு என்று எழுதினார்களாம். நீங்களும், இந்த நாட்டு அங்குலம் கொஞ்சம் பெரிசு போலிருக்கிறது என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தீர்களாம். உங்கள் ஏணிக்கு அந்த மனசு இல்லை, அக்கா.

நானே பக்குவமாகச் சொல்லலாம் என்று கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ‘பையில என்ன?’ என்று குரல் வந்தது. படுத்திருந்தாலும் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்பதில் குறி தப்பாது. பிடுங்கிப் படித்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்து, இதோ சிரிக்கப் போகிறாள், இதோ எழுந்திருக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். எலும்பு நொறுங்கவில்லை என்றால் சந்தோஷம்தானே படவேண்டும்? என் கணக்கு அப்படி.

அவள் அழுதாள். கல்யாணமாகி நான் பார்த்த முதல் அழுகை அது. அந்தக் காலத்தில் முழங்கால் போனபோதுகூட டாக்டரைத் திட்டினாளாமே தவிர அழவில்லையாம். குறைந்து போனேன் என்றால் ஒரு காலத்தில் இருந்தேன் என்று அர்த்தம், இப்போது இருந்ததே இல்லை என்கிறீர்களே என்றாள். ‘ஆறடி ஒண்ணுன்னுதானே வேலை குடுத்தாங்க, ஆறடி ஒண்ணுன்னுதானே பேப்பர்ல போட்டாங்க. அது நான் இல்லேன்னா, அப்ப ஆடினது யாரு?’ என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடிக்குப் பவர் எழுதுவதுதான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்தேன்.

அன்று முழுக்க இப்படியே போயிற்று. வியாதியாக இருந்தவளைக் குணமாக்குகிறேன் என்று கிளம்பி வியாதியையும் பிடுங்கிக்கொண்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். உங்களையும் கொஞ்சம் நொந்துகொண்டேன், மன்னிக்கவும். அந்த டேப்பில் மூன்றைப் பார்த்த அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் நான் முக்காலியில் ஏறிக் காப்பிப் பொடியைத் துழாவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தமாக, ‘கொக்கு எவ்வளவு உயரம்?’ என்று கேட்டாள். எந்தக் கொக்கு என்றேன். ரயில்வே அணியில் ஆடினாளே, அந்த நெட்டைக் கொக்கு என்றாள். எனக்குத் தெரியுமா? அவளே சொன்னாள், ஆறடி இரண்டு. அந்த அணியில் ஆஸ்பத்திரியில் வைத்து அளப்பார்களாம், அதில் தப்பு இருக்காதாம். அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. நிலைப்படியில் வந்து நின்றாள். தலை கலைந்து, கண் வீங்கி, ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது.

‘நாலு அங்குலம் கம்மியா இருந்துக்கிட்டு அவகிட்டேருந்து பந்தைப் பறிச்சிருக்கேன்’ என்றாள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை ஒரு ஆட்டம் முழுக்கக் கொக்குக்குக் கிடைக்க விடாமல் பண்ணினேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம், உயரம் கிட்டத்தட்ட சமம், பறித்தாள் என்று நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவளே தன்னைப் புதிதாகப் பார்த்துத் திகைத்துப்போய் நிற்கிறாள். ‘எப்படிங்க பறிச்சேன்?’ என்று என்னையே கேட்டாள். அப்புறம் என்னைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே காப்பிப் பொடியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அதற்கப்புறம் வேறு தொல்லை ஆரம்பித்தது. முன்பு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஆறடி ஒன்று என்று பெருமை பேசுவாள். இப்போது, ‘நான் என்ன பெரிய உயரமா, வெறும் அஞ்சடி பத்து, அந்த உயரத்துல நாட்டுக்கே ஆடினேன்’ என்று ஆரம்பிக்கிறாள். பால்காரர் தப்பவில்லை. இஸ்திரிக்காரர் தப்பவில்லை. என் கடைக்கு வந்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தவர்களிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அவர்களால் ஓடவும் முடியாது. நேற்று மருந்துக் கடையில் ஐந்தடி ஒன்பது என்று சொன்னதை என் காதால் கேட்டேன். இப்படியே போனால் கூடிய சீக்கிரம் என் உயரத்துக்கு வந்து நிற்பாள் என்று நினைக்கிறேன்.

படம் எடுக்கவும் அவளே கிளம்பினாள். டாக்டரிடம் டேப் கதையைச் சொன்னாள். அவர் முதலில் என்னைப் பார்த்தார், மனசு பாதித்திருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். படத்தில் எலும்பெல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக அதது இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது, மாத்திரை சாப்பிட வேண்டும், நடக்கலாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், விசில் ஊதலாம் என்றார். குதிப்பது மட்டும் கூடவே கூடாது, விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று சொன்னார். இதை அவளைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். கெட்டிக்கார டாக்டர்.

இப்போதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்த காரணத்துக்கு வருகிறேன்.

போட்டிக்கு முந்தின சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்கு நானும் கூடப் போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். அணியில் ஒரு பெண், சின்ன உருவம், பந்தைப் பிடிக்கப் போகாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றாள். இவள் ஏன் என்று கேட்டாள். ‘எனக்கு எட்டாது டீச்சர், அவங்கள்லாம் உயரம்’ என்றது அந்தப் பிள்ளை. அவ்வளவுதான். இவள் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அந்தப் பெண் கையில் கொடுத்தாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இருக்கிறதிலேயே உயரமான பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள். அவள் வளர்ந்து கெட்டவள், உங்கள் ஏணியைவிடவே இரண்டு விரல் உயரம். இன்னொரு பிள்ளையைப் பந்தை வளையத்தில் எறியச் சொன்னாள். பந்து பட்டுத் திரும்பும் முன்னாலேயே இடுப்பை ஒரு பக்கம் கொடுத்து அந்தப் பிள்ளையைப் பின்னால் நிறுத்திவிட்டாள். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் குதித்தாள்.

பெரிய குதி ஒன்றும் இல்லை, அக்கா. செருப்பு உயரம்கூட இருக்காது. ஆனால் பந்து அவள் கையில் இருந்தது. இறங்கினாள். இறங்கின வேகத்தில் ஒரு கை முழங்காலைப் பிடித்துக்கொண்டது. நிமிரவில்லை.

நான் வேலியைச் சுற்றி எப்படி ஓடினேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் ஒரு ஆடுகளத்துக்குள் ஓடினது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போனேன். அவள் குனிந்தபடியே என் காலைப் பார்த்து, ‘செருப்போட உள்ள வராதீங்க’ என்றாள். அப்புறம் நிமிர்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பிள்ளை விசிலை ஊதி ஊதி நிறுத்தவே இல்லை.

மறுநாள் போட்டியில் தோற்றுவிட்டார்கள். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றார்கள். ஆனால் அந்தச் சின்னப் பெண் ஒவ்வொரு பந்துக்கும் போனாள். இரண்டு தடவை எடுத்தும் விட்டாள். இவள் வீட்டுக்கு வந்து ஜெயித்தவள் மாதிரி சாப்பிட்டாள்.

அவள் சாப்பிட்டு முடித்ததும் நான் கத்தினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், மகளிடம் சொல்லிவிடுவேன் என்றேன். எதற்கும் மசியவில்லை. ‘கேப்டன் சொல்லட்டும், நிறுத்தறேன்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இனி குதிக்காதே, இது கேப்டன் உத்தரவு என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், அக்கா. அவள் தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரைக்கு வருவதற்குள் எனக்கு உயிர் போய் வருகிறது. அவள் விழுந்தால் தூக்க என்னால் முடியாது. நான் ஐந்தடி நாலு. தூக்க முடியாது என்பதற்காக மட்டும் பயப்படவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

இதை எழுதி ஒட்டலாம் என்று எடுத்துவிட்டு, மறுபடி பிரித்துக் கீழே எழுதுகிறேன்.

குதித்தபோது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஆடின காலத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்தவள் முழங்கால் போன பிறகு கிடைத்தவள். நீங்கள் எல்லோரும் தினமும் பார்த்த முகத்தை நான் அந்த ஒரு நொடிதான் பார்த்தேன்.

ஆகவே குதிக்காதே என்று எழுத வேண்டாம், அக்கா. பார்த்துக் குதி என்று எழுதுங்கள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
மாப்பிள்ளை